புளிச்ச தீனியும் என் மூக்கும்

சாம்பல் கோழி அன்று காலை கூண்டை விட்டு வெளியே வரவில்லை.

மற்ற ஏழும் கதவைத் திறந்ததும் ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டு இறங்கிவிட்டன. இது மட்டும் மூலையில் கழுத்தை உள்ளே இழுத்து, இறகைச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கண் பாதி மூடியிருந்தது. ஐப்பசி மாதம். மழை விட்டும் வெயில் வராமல், குன்னூருக்குக் கீழே எங்கள் தேயிலை எஸ்டேட் முழுக்க மூட்டம் போட்டிருந்தது.

கையை விட்டு அதை வெளியே எடுத்தேன். உடம்பில் கனமே இல்லை. தரையில் விட்டதும் இரண்டடி நடந்து மறுபடி உட்கார்ந்துகொண்டது. கொண்டை வெளுத்துக் கிடந்தது.

எனக்குப் பயம் வந்தது. கோழிக்காக அல்ல. வீட்டுக்குள் என் மகள் சுமதி கம்பளிக்குள் சுருண்டு கிடந்தாள். முந்தின நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததிலிருந்து அவளுக்குக் காய்ச்சல். அவள் தினமும் சாப்பிடுவது இந்தக் கோழிகளின் முட்டை. இந்தக் கோழிகள் பத்து நாளாகச் சாப்பிட்டது நான் தயாரித்த தீனி.

தினம் ஒரு முட்டை

இந்தத் தொடரை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு நான் எவ்வளவு பெரிய பயந்தாங்கொள்ளி என்பது இதற்குள் தெரிந்திருக்கும். மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் பஸ் ஒவ்வொரு வளைவிலும் திரும்பும்போது டிரைவரோடு சேர்ந்து நானும் பிரேக் போடுகிறவன். சீட்டுக்கு அடியில், வெறும் காலால்.

அப்படிப்பட்டவனுக்குப் பிறந்த ஒரே பிள்ளைக்கு எட்டு வயதில் பிரைமரி காம்ப்ளெக்ஸ் என்றார்கள், அதாவது பிள்ளைகளுக்கு வருகிற காசநோய். மாதக்கணக்கில் விடாத இருமல், ஏறாத எடை, சாயங்காலமானால் மேலுக்குச் சுடுவது. குன்னூரில் ஒரு டாக்டரம்மா எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு மாத்திரைகளை எழுதிக் கொடுத்தார். "மாத்திரை பாதிதான். மீதி சாப்பாடு. பாலும் தினம் ஒரு முட்டையும் தவறக்கூடாது" என்றார்.

அந்தக் காலத்தில் எங்கள் எஸ்டேட் கடைக்கு முட்டை கீழ்நாட்டிலிருந்து லாரியில் வரும். எந்தத் தேதியில் இட்டதோ தெரியாது. தண்ணீரில் போட்டுப் பார்த்தால் இரண்டுக்கு ஒன்று மிதக்கும். இதைப் பிள்ளைக்குக் கொடுப்பதாவது என்று என் மனைவி ருக்மணி கோழி வளர்க்க இறங்கிவிட்டாள். பக்கத்தில் படகர்கள் வாழும் ஹட்டியிலிருந்து மூன்று, தொழிலாளர் லயத்தில் குடியிருந்த ராசம்மாளிடமிருந்து ஐந்து. ஃபாக்டரியில் ஒதுக்கிய பலகைகளைக் கொண்டு நானே கூண்டு அடித்துக் கொடுத்தேன். கதவு மட்டும் கடைசி வரை சரியாக மூடவில்லை. கல்லை அண்டை கொடுத்துத்தான் வைப்போம்.

கோழி வந்த முதல் மாதம் முட்டைக்குப் பஞ்சமில்லை. பனியும் மழையும் பிடித்ததும் எட்டும் ஒரேயடியாக நிறுத்திவிட்டன. ருக்மணி காலையில் கூண்டுக்குள் கையை விட்டுத் துழாவிவிட்டு வெறுங்கையோடு வருவாள். எங்கள் முகத்தைப் பார்க்காமல் அடுப்படிக்குள் போய்விடுவாள்.

ராசம்மாளின் வாளி

ராசம்மாள் சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம். கொழுந்து எடுக்கிறவர். அங்கே தோட்டத்தில் இருந்த நாளிலிருந்தே அவர் கோழிக்கு உலர்ந்த தீனி போட்டதில்லை. ருக்மணிக்குப் புளிச்ச தீனியைக் காட்டிக் கொடுத்தவர் அவர்தான்.

பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஒரு பிளாஸ்டிக் வாளியில் கம்பு, மக்காச்சோளக் குருணை, கொஞ்சம் தவிடு. தீனிக்கு மேலே நாலு விரற்கடைக்குத் தண்ணீர் நிற்க வேண்டும். பழைய சோற்றுத் தண்ணீர் ஒரு கரண்டி விடவேண்டும். மேலே ஒரு தட்டைப் போட்டு மூடி, காலையும் மாலையும் ஒரு கிண்டு. கீழ்நாட்டில் இரண்டு மூன்று நாளில் நுரைத்துவிடுமாம். எங்கள் குளிருக்கு ஐந்து நாள் ஆகும், அதுவும் விறகடுப்புக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தால். புளித்த கஞ்சி வாடை வந்ததும் தீனியை அரித்துப் போட்டுவிட்டு, அந்தத் தண்ணீரில் கொஞ்சத்தை அடுத்த வாளிக்கு எடுத்து வைக்கவேண்டும்.

கோழிகள் அதற்குப் பறந்தன. பத்து நாளில் ஒன்று, இரண்டு என்று முட்டை வைக்க ஆரம்பித்தன. ஓடு கெட்டியாக இருந்தது. சுமதியின் கன்னத்தில் கொஞ்சம் சதை தெரிந்தது. அந்த வாளியைத் தினமும் துடைத்து வைப்பாள் ருக்மணி. குத்துவிளக்கைக்கூட அவள் அப்படித் துடைத்து நான் பார்த்ததில்லை.

எனக்கு அந்த வாளியைக் கண்டாலே ஆகாது. காரணம் என் மூக்கு.

மூக்கு உள்ளவன்

நான் அப்போது ஃபாக்டரியில் டீ மேக்கர். வாட்டம் போட்ட கொழுந்து ரோலரில் நசுங்கி வந்ததும் அதைச் சிமெண்டுத் தரையில் மெல்லிசாகப் பரப்பி விடுவார்கள். பச்சை இலை காற்றுப் பட்டுப் பட்டுச் செம்பு நிறத்துக்கு மாறும். பெர்மெண்டிங் என்று அதற்குப் பெயர். எந்த நிமிஷத்தில் அள்ளி டிரையரில் போடுவது என்பதுதான் தேயிலையின் ஜாதகம். கொஞ்சம் முந்தினால் பச்சை வாடை, பிந்தினால் புளிப்பு. கடிகாரம் இருந்தது, யாரும் அதைப் பார்க்கமாட்டார்கள். நான் குனிந்து ஒரு கைப்பிடியை அள்ளி முகர்ந்து தலையை ஆட்டவேண்டும். துரையே வந்து நின்றாலும் என் தலை ஆடும்வரை காத்திருப்பார்.

இந்த மூக்கு ஃபாக்டரியோடு நிற்கவில்லை. வீட்டிலும் ரசத்தை முகர்வேன், பாலை முகர்வேன், துவைத்த துணியை முகர்வேன். "புளி கொஞ்சம் தூக்கல்" என்றால் தூக்கல்தான். வீட்டில் யாரும் மறுத்ததில்லை. என் வார்த்தைக்கு அவ்வளவு மதிப்பு என்று நான் நினைத்திருந்தேன்.

அந்த ஐப்பசியில் ருக்மணியின் அப்பா காரமடையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். தகவல் வந்த அன்றே அவள் கிளம்பினாள். பையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள்.

"ஏனுங்க, தண்ணி எப்பவும் தீனிக்கு மேல நிக்கோணும். அது மட்டும் பாத்துக்கோங்க. புள்ளைக்கு முட்டை தவறக்கூடாது."

"சரி, சரி. பஸ் போயிரும்."

அவள் போன மறுநாள் வாளியைத் திறந்து பார்த்தேன். தீனி தண்ணீரில் மூழ்கிக் கிடந்தது. பார்க்கவே பொறுக்கவில்லை. இருபது வருஷம் பெர்மெண்டிங் செய்தவன் நான். தண்ணீர் தேங்கினால் கெட்டுப்போகும், காற்றில்லாவிட்டால் பக்குவம் வராது என்று எத்தனை ஆட்களுக்குச் சொல்லியிருக்கிறேன். இவர்களுக்கு யாரும் சரியாகச் சொல்லிக் கொடுக்கவில்லை, பாவம் என்று தோன்றியது.

தண்ணீரை வடித்துக் கொட்டினேன். ஃபாக்டரியில் பழசாகிப்போன இரண்டு அலுமினியத் தட்டுகளை எடுத்து வந்து, ஊறிய தீனியை இரண்டு அங்குலக் கனத்துக்குப் பரப்பினேன். மேலே ஈரத்துணி. பின்பக்கச் சாய்ப்பில், காற்றுப்பட வைத்தேன். தேயிலைக்குச் செய்கிற எல்லா மரியாதையும் செய்தேன்.

சுமதி சீருடை போட்டுக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, அம்மா தண்ணி ஊத்தித்தானுங்க வெப்பாங்க?"

"உங்கம்மா எந்த ஃபாக்டரியில வேலை பாத்தா? எனக்குத் தெரியும், போய்ச் சடையைப் பின்னு."

அவள் போய்விட்டாள். அதன்பிறகு தட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பத்து நாள்

முதல் இரண்டு நாள் வாசனை பிரமாதமாக இருந்தது. மூன்றாம் நாள் எனக்கு ஜலதோஷம் பிடித்தது. டீ மேக்கருக்கு ஜலதோஷம் என்றால் பாடகனுக்குத் தொண்டை கட்டிய கதை. வெளியே சொன்னால் மானம் போய்விடும். ஃபாக்டரியில் வழக்கம்போலக் குனிந்து, அள்ளி, முகர்வதுபோல் முகர்ந்து, நிறத்தைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். வீட்டிலும் அதேதான். தீனி நல்ல செம்பழுப்பாகத் தெரிந்தது. போதும் என்று விட்டுவிட்டேன்.

மேலே வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. மாவில் படிகிற ஆடை மாதிரி இருக்கும் என்று கிளறி உள்ளே தள்ளினேன். கோழிகள் முன்போல் பறக்கவில்லை, கொத்திவிட்டு நகர்ந்தன. முட்டை குறைந்தது. பழியை மழையின் தலையில் போட்டேன்.

ஆனாலும் சுமதிக்கு ஒருநாளும் தவறவில்லை. தினம் ஒரு முட்டையை நானே அவித்து, உரித்து, மிளகுத்தூள் தூவி, காகிதத்தில் மடித்து அவள் கையில் கொடுப்பேன். ஃபாக்டரிக்கு ஓடுகிற அவசரத்தில் உட்கார்ந்து ஊட்ட நேரமில்லை. "போற வழியில சாப்பிட்டுரு" என்பேன். தலையாட்டுவாள். ருக்மணிக்கு எழுதிய கார்டிலும் இதைப் பெருமையாக எழுதினேன்.

அப்படி வந்து சேர்ந்த காலைதான் முதலில் சொன்னது.

சாம்பல் கோழியைக் கீழே விட்டுவிட்டுச் சாய்ப்புக்குப் போனேன். ஈரத்துணியை விலக்கி, தீனிக்கு அடியில் கையைக் கொடுத்து ஒரு கட்டியைப் புரட்டினேன். அடிப்பக்கம் கரும்பச்சையாக, மயிர் முளைத்ததுபோல் பூஞ்சணம். அடுத்த தட்டிலும் அப்படியே. கட்டியைக் கீழே போட்டுவிட்டு எழுந்தேன்.

ராசம்மாள் கூடையோடு மேல் பாதையில் மலைக்குப் போய்க்கொண்டிருந்தார். கூப்பிட்டேன். இறங்கி வந்து தட்டைப் பார்த்தார், கோழியைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"ஏங்கய்யா, தண்ணிய வடிச்சிட்டீங்களா?"

"காத்துப் படட்டும்னு பரப்பி வெச்சேன்."

"இது தேயில இல்லீங்களே. தேயிலைக்குக் காத்து வேணும். இதுக்குக் காத்துப் பட்டா பூசணம் புடிச்சிரும். அதுக்குத்தானே தண்ணிக்குள்ள அமுக்கி வைக்கிறது."

"கழுவிப் போட்டா சரியாகுமா?"

"இனி ஒண்ணும் செய்ய ஏலாதுங்க. குழி வெட்டிப் பொதைச்சிடுங்க." கூடைக் கயிற்றைத் தலையில் சரிசெய்துகொண்டவர் தயங்கினார். "புள்ளைக்கு இந்தக் கோழி முட்டைங்களா குடுத்தீங்க?"

குறை சொல்கிற குரல் இல்லை அது. அதனால்தான் பதிலுக்கு நிற்காமல் வீட்டுக்குள் ஓடினேன்.

குன்னூர் பஸ்

ஃபாக்டரிக்கு லீவு சொல்லி ஆளனுப்பிவிட்டு, சுமதியைக் கம்பளியோடு தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அவள் நெற்றி என் கழுத்தில் பட்டுச் சுட்டது. அன்று ஒரு வளைவில்கூட நான் பிரேக் போடவில்லை. யூகலிப்டஸ் தைலம் காய்ச்சுகிற வாடை வீசும் இடம் ஒன்று வழியில் உண்டு. பஸ்ஸில் எல்லோரும் மூக்கைத் தேய்த்தார்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. என் மூக்கு எவ்வளவு அடைத்திருக்கிறது என்பதே அப்போதுதான் உறைத்தது.

மாத்திரை சாப்பிடுகிற பிள்ளை. நெஞ்சில் ஏற்கெனவே கோளாறு. விஷம் ஏறியிருந்தால் தாங்குமா? ருக்மணிக்கு என்னவென்று எழுதுவேன்? வார்த்தைகளை மனதுக்குள் எழுதி எழுதி அழித்தேன். அவள் சொன்னது ஒரே ஒரு வாக்கியம். அதைக் காதில் வாங்காமல் பஸ்ஸைச் சாக்குச் சொல்லி விரட்டியிருக்கிறேன்.

வெட்கத்தைவிட்டு இன்னொன்றையும் சொல்கிறேன். டாக்டரம்மாவிடம் தீனியைப் பற்றி வாய் திறக்காமல், மழைக்காலக் காய்ச்சல் என்று மட்டும் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். தன் பிள்ளைக்குப் பூஞ்சணம் ஊட்டிய டீ மேக்கர் என்று குன்னூர் பூராவும் பரவிவிடுமே என்று பயம். பஸ் ஸ்டாண்டில் இறங்கும்வரை அந்த நினைப்பு போகவில்லை.

டாக்டரம்மாவின் கேள்வி

முதலில் நர்ஸ் எடை பார்த்தார். போன தடவைக்கு இந்தத் தடவை ஏறியிருக்கவேண்டியது, அரைக் கிலோ இறங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் என் கௌரவம் எங்கோ போய்விட்டது. டாக்டரம்மா உட்காரச் சொல்வதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். தட்டு, ஈரத்துணி, பூஞ்சணம், கோழி, தினம் ஒரு முட்டை.

அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். சுமதியின் நாக்கை நீட்டச் சொல்லி, டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்தார். வயிற்றை அமுக்கிப் பார்த்தார். பிறகு என்னை விட்டுவிட்டு அவளிடம் கேட்டார்.

"வாந்தி, வயித்துவலி ஏதாவது இருந்துச்சா கண்ணு?"

"இல்லீங்க."

"அப்பா குடுத்த முட்டையெல்லாம் சாப்பிட்டியா?"

சுமதி கம்பளியின் ஓரத்தை விரலில் சுற்றினாள்.

"சொல்லு. யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

"சாப்புடலீங்க."

"ஒண்ணுகூடவா?"

"மொதல்ல ரெண்டு நாள் சாப்புட்டேங்க. அப்புறம் தட்டுல தீனிக்கு அடியில பச்சையாத் தெரிஞ்சுதுங்க. சாம்பல் கோழி வேற நின்னுக்கிட்டே தூங்குச்சு. அன்னிக்கிருந்து பள்ளிக்கூடம் போறப்ப தேயிலைக்குள்ள போட்டுட்டேனுங்க."

"அப்பாகிட்ட ஏன் சொல்லல?"

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. டாக்டரம்மாவின் மேசை மேலிருந்த மைப்புட்டியைப் பார்த்துச் சொன்னாள்.

"சொன்னா அப்பா சத்தம் போடுவாங்க. பயமா இருந்துச்சுங்க."

டாக்டரம்மா குனிந்து மருந்து எழுத ஆரம்பித்தார். தொண்டையில் சளி, அதனால் வந்த காய்ச்சல், மூன்று நாளில் இறங்கிவிடும் என்றார். முட்டையை நினைத்துப் பயப்படவேண்டாம், ஆனால் சத்தான சாப்பாடு இல்லாமல் மாத்திரையைப் போட்டால் எடை இப்படித்தான் இறங்கும், இன்றைக்கே கடையில் நல்ல முட்டையாகப் பார்த்து வாங்கிக் கொடுங்கள் என்றார். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

விஷம் இல்லை என்று கேட்டதும் எனக்கு அழுகை வந்தது உண்மை. ஆனால் வெளியே வந்து மருந்துக்கடை வாசலில் நிற்கும்போது வேறொன்று வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. காற்று பலமாக அடித்தாலே பயப்படுகிறவன் நான். என்னைப் பார்த்தும் ஒரு ஜீவன் பயப்படும் என்பது அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. அதுவும் அந்த ஜீவன், கெட்டுப்போனதைக் கெட்டுப்போனது என்று சொல்வதைவிடப் பட்டினி கிடப்பது மேல் என்று முடிவு செய்திருக்கிறது.

வீட்டுக்கு வரும்போது பஸ்ஸில், "ஏன் கண்ணு, அவ்வளவா சத்தம் போடறேன்?" என்று கேட்டேன். அவள் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டாள்.

புது வாளி

சாம்பல் கோழி அன்றே செத்தது. மறுநாள் இன்னொன்று. இரண்டையும் அந்தத் தீனியையும் ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைத்தேன். மற்ற ஆறும் வெறும் கம்பிலும் தண்ணீரிலும் மெல்லத் தேறின. சுமதிக்குக் காய்ச்சல் டாக்டரம்மா சொன்னபடி விட்டது. ருக்மணிக்கு உள்ளது உள்ளபடி எழுதினேன். அவளிடமிருந்து, இன்னும் ஒரு வாரத்தில் வருகிறேன் என்று மட்டும் பதில் வந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் படித்தேன்.

வாளியைக் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றித் தேய்த்தேன். ராசம்மாள் தன் வாளியிலிருந்து புளித்த தண்ணீர் ஒரு டம்ளர் கொண்டுவந்து ஊற்றினார். தீனிக்கு மேல் நாலு விரற்கடைக்குத் தண்ணீர் நிற்கிறதா என்று நாளுக்கு நாலு தடவை விரலை விட்டுப் பார்த்தேன். ஐந்தாம் நாள் காலை மேலே சின்னச் சின்னதாக நுரை கட்டியிருந்தது. ஆயிற்றா, கெட்டுவிட்டதா என்று சொல்ல என் மூக்கு இன்னும் திறக்கவில்லை.

சுமதியைக் கூப்பிட்டேன்.

"எனக்கு ஜலதோஷம் கண்ணு, வாசனை தெரியல. நீ மோந்து பாத்துச் சொல்லு."

அவள் முழங்காலிட்டு வாளிக்குள் முகத்தைக் கொடுத்து நன்றாக முகர்ந்தாள். நிமிர்ந்தவள், என்ன சொன்னால் எனக்குப் பிடிக்கும் என்று என் முகத்தில் தேடினாள்.

நான் கூண்டின் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

"நல்லா இருக்குதுங்கப்பா" என்றாள்.

அது தீனிக்காகச் சொன்னதா, எனக்காகச் சொன்னதா என்று எனக்குத் தெரியவில்லை. ராசம்மாளைக் கூப்பிட்டுக் காட்டிய பிறகுதான் கோழிகளுக்குப் போட்டேன்.